கலக்கப்பட்ட போல்ட்டுகள்

ஜூலை ஒன்பது, புதன்கிழமை. பகலெல்லாம் சாரல், மாலையில் வானம் வெளுத்திருந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் நிலானிக்கு உருப்படியான வேலை தருவதாகக் கல்லூரிக்கு வாக்களித்திருந்தார், பம்பு ஆலையின் மேலாளர் சென்னியப்பன். அப்படியொரு வேலை ஆலையில் இல்லை. ஆகவே, அவள் நாள்தோறும் அளவுவாரியாகப் பிரித்துவைக்கும் போல்ட்டுகளை, அவள் சென்றபின் மீண்டும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்துவந்தார். அன்றும் அவருடைய கைகள் தட்டுக்குள் இருந்தன. மறந்துபோன குடைக்காகத் திரும்பிய நிலானி வாசலில் நின்றாள்.

“நல்லாக் கலக்குங்க சார். நேத்து பாதி அப்படியே இருந்துச்சுங்க, வேலை மத்தியானமே முடிஞ்சுபோச்சு. அப்புறம் நான் என்னங்க பண்றது?”

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதிரே அமர்ந்து அவளும் கலக்கத் தொடங்கினாள். அவர் கையை வெளியே எடுத்தபோது மணி ஐந்து நாற்பத்திரண்டு.