சிவப்பு மெசினா, நீல மெசினா?

“பிழை மெசினில இல்லை அக்கா, என்னில. படத்தைத் திருப்பிப் போட்டு அச்செடுக்க மறந்திட்டன்.”

சொன்ன பிறகுதான் ஸல்ஹா முதலாளியின் முகத்தைப் பார்த்தாள். மாதிரிக்கு அடித்துச் சூடாக எடுத்த ரீ-சேட்டில், மெசின் பார்க்க வந்தவளின் ‘குணேஸ்வரி’ என்ற பெயர், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிக் கிடந்தது. ஸல்ஹா அச்சு வேலை படித்த பின்னேர வகுப்பில் முதல் பாடமே படத்தைத் திருப்புவதுதான்.

2007 மாசி. துறைமுகத் தெருவில், துணியில் படம் பதிக்கும் சூட்டு மெசின் விற்கும் கடை தாஹிருடையது. சண்டையால் வியாபாரம் படுத்திருந்தது. காலையிலேயே ஸல்ஹாவிடம் சொல்லிவிட்டார்: “இண்டைக்கு ஒரு மெசினாவது போகாட்டி நாளைக்கு நீ வராத புள்ள.”

உப்புவெளியிலிருந்து வந்திருந்த குணேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுப் போட்டி ரீ-சேட் அடிக்கப் போகிறாளாம்.

“சிவப்பு மெசினா, நீல மெசினா?”

“சிவப்பு,” என்றார் தாஹிர். “பருத்தியிலயும் கல்லில செதுக்கின மாதிரி நிக்கும்.”

“அப்பிடியோ தங்கச்சி?”

ஸல்ஹா மெசின் தட்டைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த தட்டு.

“பருத்தியில நிக்காது அக்கா. ரெண்டு தரம் தோய்ச்சாப் போயிடும். எந்த மெசின் எண்டாலும் பொலியெஸ்ரர்தான் வேணும்.”

தாஹிர் இருமினார்.

“கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ முதலாளி,” என்ற குணேஸ்வரி, ஸல்ஹாவின் பக்கம் திரும்பினாள். “பாதியில கறண்ட் போனா?”

“அந்த ரீ-சேட் போச்சு. கூட ரெண்டு வாங்கி வையுங்கோ.”

“நல்ல கதை ஒண்டும் உன்னட்ட இல்லையா புள்ள?” என்றார் தாஹிர்.

“செக் பொயின்ரில ஆமிக்காரர் மெசின் பெட்டியைத் திறக்கச் சொன்னா?” என்று கேட்டாள் குணேஸ்வரி.

“படம் பதிச்ச ரீ-சேட் ஒண்டைக் காட்டுங்கோ. இல்லாட்டி, நேரம் வைச்சு மணியடிக்கிற சாமான், குண்டு எண்டு உங்களையும் சேர்த்து பஸ்ஸில இருந்து இறக்குவாங்கள்.”

குணேஸ்வரி எழும்பினாள்.

“எனக்கு மெசின் வேண்டாம்.”

தாஹிர் ஸல்ஹாவின் கைப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

குணேஸ்வரி அதை எடுத்து ஸல்ஹாவிடம் நீட்டினாள். “சிவப்பு மெசின் போன மாசமே கொழும்பில வாங்கிட்டன், பருத்தியிலயும் நிக்கும் எண்டு சொல்லித்தான் வித்தவங்கள். இப்ப ஆள்தான் தேடுறன். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு உப்புவெளிக்கு வா தங்கச்சி. முதல் வேலை, நான் பருத்தியில அடிச்சு நிறம் போன ரீ-சேட்டுகளைக் கொண்டு போய்ப் பள்ளிக்கூட அதிபரிட்ட உண்மையைச் சொல்லுறது. எனக்கு அது ஏலாது.”