பிக்கப்

"மிதிச்சா, போலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுதான் கிளம்புது. இதுக்குப் பேரு ஸ்போர்ட்ஸ் காரா?" என்று அவன் மெக்கானிக்கிடம் எகிறினான்.

ஏர் ஃபில்டரை மாற்றியாயிற்று. மிதித்த மாத்திரத்தில் இன்ஜினை உசுப்பிவிடும் குட்டிப் பெட்டி ஒன்றையும் எப்போதோ மாட்டியாயிற்று. காரோ நத்தையாகவே நகர்ந்தது.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்ல தம்பி" என்று மெக்கானிக் கையை விரித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினான். பக்கத்து சீட்டில் நிறைமாத மனைவி ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பாட்டுக்குக் கத்திட்டிருக்கேன், உனக்கு ஃபோன்தான் முக்கியமா?"

அவள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வலி வந்துடுச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு விடுங்க!"

அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தான். கார் ஆடி அசைந்து போனது.

"சனியனே, இன்னைக்காவது போயேன்!"

அவள் பல்லைக் கடித்தபடி ஃபோனில் எதையோ தட்டினாள்.

"உங்கம்மாகிட்ட அப்புறம் பேசிக்கலாம்டி!" என்று கத்தி, மறுபடி மிதித்தான். கார் சீறிப் பாய்ந்தது.

"அட, பிக்கப் வந்துடுச்சு!"

"வராம என்ன? உங்க ஃபோன் பூரா கார் வீடியோ, இடமே இல்லன்னு அந்தப் பெட்டியோட ஆப்பை மெக்கானிக் என் ஃபோன்லதானே ஏத்திக் குடுத்தாரு? குழந்தைன்னு தெரிஞ்ச அன்னையிலேருந்து அதுல பிக்கப்பை அடிமட்டத்துல வச்சிருந்தேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"ரோட்டப் பாருங்க! புள்ள பொறந்ததும் திரும்பக் கொறச்சிடுவேன்."