கண் மூடாதவன்

"எல்லாரும் கண்ண மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர்.

தகரக் கூரைக்குக் கீழே எழுபது பேர் கண்ணை மூடினார்கள். அமில்கார் மட்டும் மூடவில்லை.

மூடாமல் இருப்பதுதான் அவனுக்குக் கொடுத்திருந்த வேலை.

பக்கத்து நாற்காலியில் ஒவீடியோ இருந்தான். நாற்பது வயது. கழுத்து வரை பச்சை குத்திய உடம்பு, அதை மூடி ஒரு முழுக்கை வெள்ளைச் சட்டை. பதினெட்டு வருடம் கும்பலில் இருந்துவிட்டு, போன மழைக்காலத்தில் தலைவன் முன்னால் போய் நின்று, "இனிமே நான் ஆண்டவரோட ஆள்" என்று சொல்லிவிட்டு வந்தவன்.

தலைவனை உடும்பு என்றுதான் ஊரே சொல்லும். பிடித்தால் விடமாட்டான்.

அவனை விட்டு உயிரோடு போக ஒரே வழிதான் இருந்தது. சபைக்குப் போகலாம். ஆனால் உண்மையாகப் போகவேண்டும். குடிக்கக் கூடாது, பெண்களிடம் போகக் கூடாது, போலீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வேஷம் என்று தெரிந்தால் ஆண்டவரை ஏமாற்றியதற்கும் சேர்த்துத் தண்டனை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் அமில்காரை வேறு பகுதியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். மிசாயேல் என்று ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு ஆறு வாரமாகச் சபைக்கு வருகிறான். இன்று மதியம் உடும்பிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உண்மை, அல்லது பொய்.

பொய் என்றால் ஒவீடியோ வீடு போய்ச் சேரமாட்டான்.

பொய் என்றுதான் அமில்கார் முடிவு செய்திருந்தான்.

மற்றவர்கள் ஜெபத்தில் அழுதார்கள், கையைத் தூக்கிக் கத்தினார்கள். ஒவீடியோ எதுவும் செய்வதில்லை. மடியில் கையை விரித்து வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

அதுவும் நட்டநடு வரிசையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கும்பலில் ஒரு நாள் இருந்தவன்கூட அப்படி உட்காரமாட்டான். பின்னால் யாரோ காவல் இருக்கிறார்கள் என்றால்தான் அந்தத் தைரியம் வரும்.

யார் என்பது வியாழக்கிழமை தெரிந்தது. ஒவீடியோ வேலை செய்யும் பேக்கரிக்குச் சீருடையோடு ஒரு போலீஸ்காரன் வந்தான். இருவரும் அடுப்புக்குப் பின்னால் நின்று பேசினார்கள். ஒவீடியோ அவன் தோளில் கை வைத்திருந்தான்.

இதற்கு மேல் என்ன வேண்டும்.

"கேக்க நெனக்கிறதக் கேட்டுரு தம்பி" என்றான் ஒவீடியோ. கண்ணைத் திறக்கவில்லை. "பாஸ்டர் இன்னைக்கு சீக்கிரமா ஆமென் போட்டுருவாரு."

அமில்கார் சட்டென்று சுற்றிப் பார்த்தான். சுற்றிலும் இருந்த கூச்சலில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"வியாழக்கிழமை அந்தப் போலீஸ்காரன் எதுக்கு வந்தான்?"

"அவன் பொண்ணுக்கு ஆபரேஷன். ஜெபம் பண்ணுங்கன்னான். பண்ணேன். ரொட்டி வாங்கிட்டுப் போனான்."

"அத நான் நம்பணுமா?"

"நம்பாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு ரொட்டிக்கு மாவு பிசஞ்சு வச்சிட்டுதான் வந்திருக்கேன். மத்தத ஆண்டவரு பாத்துக்குவாரு."

சொல்லிவிட்டு, அமில்காரின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். நக இடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

"ஆண்டவரே, இந்தத் தம்பியோட பேரு எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான் அவனுடைய ஜெபம்.

கும்பலில் அமில்காருக்குப் பட்டப்பெயர்தான். அமில்கார் என்று கடைசியாகக் கூப்பிட்டது அம்மா. அவள் வேலை தேடி வடக்கே போய் ஒன்பது வருடமாகிறது.

கையை உருவிக்கொள்ள நினைத்தான். உருவவில்லை.

எல்லாரும் ஆமென் சொன்னபோது அவனும் கண்ணைத் திறந்தான். எப்போது மூடினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மதியம் டயர் கடையின் பின்கட்டில் உடும்பு புபூசா ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா?"

வழியெல்லாம் அமில்கார் யோசித்துக்கொண்டேதான் வந்தான். போலீஸ்காரனுக்கு மகள் இருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒவீடியோ சொன்னதற்கு ஒரு சாட்சி கிடையாது. நாளைக்கே குட்டு வெளிப்பட்டால் முதலில் போவது அமில்காரின் தலை.

"உண்மை" என்றான்.

"போலீசு, கீலீசு?"

"உண்மை."

உடும்பு மெல்லுவதை நிறுத்தினான். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு அமில்காரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அந்தப் பாஸ்டரும் நம்ம கூட்டத்துல இருந்தவர்தான். விட்டுட்டுப் போனப்போ, ஆள் உண்மையான்னு பாத்துட்டு வர ஒவீடியோவைத்தான் அனுப்பினேன்" என்றான். "அவனும் இதே எடத்துல நின்னு இதே வார்த்தையைத்தான் சொன்னான். இதே மூஞ்சியோட."

பின்கட்டில் இருந்த மற்ற இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அமில்கார், பயம் வரும் என்று நின்றுகொண்டிருந்தான்.

வரவில்லை.