ஐந்து வார்த்தை அதிகம்

பள்ளி நூலகத்தின் மேற்கு ஜன்னல் வழியே அக்டோபர் வெயில் மேஜைமேல் சாய்ந்து விழுகிறது. மார்லிஸ் நொவோட்னி மடிக்கணினித் திரைக்குக் கையால் நிழல் கட்டிக்கொண்டு, கல்லூரி விண்ணப்பத்துக்கான கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படிக்கிறாள். மூன்று கோடை விடுமுறையிலும் நெப்ராஸ்காவின் விதை மக்காச்சோளக் காடுகளில், ஒட்டுவிதைக்காகச் செடி உச்சியிலிருக்கும் ஆண்பூவை ஒன்றுவிடாமல் பிடுங்கும் வேலைக்குப் போனதைத்தான் எழுதியிருக்கிறாள். சோளத்தோகை கிழித்த கோடுகள் அவள் முன்கையில் இன்னும் வெள்ளையாகத் தெரிகின்றன. பக்கத்தில் தோழி கொரின் ஆப்பிளைக் கடித்தபடி எட்டிப் பார்க்கிறாள். "உங்கப்பா அம்மா பிரிஞ்சத எழுதுடின்னா கேக்கறியா? படிக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும்டி. அப்பதான் இடம் கெடைக்கும்." "அவங்க அழுது எனக்கு என்னடி ஆகப்போகுது?" என்கிறாள் மார்லிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையின் அடியில் சிவப்பு எழுத்து எரிகிறது: அனுமதி அறுநூற்றைம்பது வார்த்தை, ஐந்து அதிகம். ‘என் வரிசையில் ஒரு பூகூடத் தப்பியதில்லை’ என்ற வரியின்மேல் கொரின் விரலை வைக்கிறாள். "இதத் தூக்கு. ரொம்பப் பீத்திக்கற மாதிரி இருக்கு." "நெஜம்டி. வேணும்னா காட்டுல போய்ப் பாரு." "காட்டத்தான் போன வாரமே அறுத்துட்டாங்களே!" "அப்ப என்னைத்தான் நம்பணும்."

கொரினுக்குச் சிரிப்பில் ஆப்பிள் புரையேறுகிறது. மார்லிஸ் மெல்ல முதல் வாக்கியத்துக்கு ஏறுகிறாள். ‘நான் சின்ன ஊர்ப் பெண்தான், ஆனாலும்’ என்று அது தொடங்குகிறது. அந்த ஐந்து வார்த்தைகளையும், பூவைப் பிடுங்குகிற அதே விரல்களால், ஒரே இழுப்பில் பிடுங்கி எறிகிறாள். சிவப்பு அணைகிறது.