ஞாயிற்றுக்கிழமை வண்டி

கார் வாங்க வந்து டிக்கிக்குள் தலையை விட்ட ஹாஸ்கின்ஸ் வெளியே வருவதாகவே தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் உள்ளே மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வெண்டல் எட்டி எட்டிப் பார்த்தார்.

"துருவைத் தேடறீங்களா சார்? நல்லாத் தேடுங்க. கிடைச்சா எனக்கும் காட்டுங்க, நானும் பார்த்ததில்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

அறுபத்தொன்பதாம் வருடத்து செவெல் கார் அது. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தையெல்லாம் கொட்டி, வெண்டல் அதை முகம் பார்க்கிற மாதிரி நீலத்தில் பளபளக்க வைத்திருந்தார். கேட்கிற அறுபதாயிரம் டாலருக்குப் போனால், அவரும் மனைவி டோரீனும் ஒஹாயோவின் பனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ப்ளோரிடாவில் குடியேறலாம். போகாவிட்டால் வரப்போகிற குளிர்காலமும் வாசலில் பனி வாரவேண்டும், டோரீனிடம் பேச்சும் வாங்கவேண்டும்.

முதலில் வந்தவரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பந்தயத்தில் ஓடிய வண்டி என்றதும், "அடிச்சுத் துவைச்ச வண்டியா?" என்று மனிதர் வந்த வழியே போய்விட்டார். அன்றிலிருந்து வெண்டல் கதையை மாற்றிக்கொண்டார்.

ஹாஸ்கின்ஸ் ஒருவழியாக நிமிர்ந்தார். அவருக்கும் வெண்டலின் வயதுதான் இருக்கும். "இதுக்கு முன்னாடி யார் வச்சிருந்தாங்க?"

"ஒரு டீச்சரம்மா சார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும்தான் எடுப்பாங்க. தூறல் போட்டாக்கூட வெளியே எடுக்க மாட்டாங்க."

"பந்தயம் கிந்தயம்?"

"பந்தயமா! அந்தம்மா நாப்பது மைல் வேகத்தைத் தாண்டியிருந்தாலே பெரிய விஷயம்."

"வேற கலர் ஏதும் அடிச்சிருந்ததா?"

"கம்பெனியிலேர்ந்து வந்தப்பவே நீலம். அதுக்கப்புறம் வேற பெயிண்ட் ஒரு சொட்டு பட்டதில்ல."

ஹாஸ்கின்ஸின் முகம் தொங்கிப்போயிற்று. விலையைக் குறைக்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த முகத்தைத்தான் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று வெண்டல் மனதுக்குள் கறுவினார். ஆனால் இந்த மனிதர் எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, ஓட்டிப் பார்க்கவும் கேட்கவில்லை. கதவு இடுக்கிலும் சக்கரத்துக்கு மேலேயும் டார்ச்சை அடித்துக்கொண்டே இருந்தார்.

"பின் சீட்டைக் கழட்டிப் பார்க்கலாமா?" என்றார் கடைசியில்.

வெண்டலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தயம் ஓட்டியவன் எவனோ வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்டை வாங்கி வண்டியின் உள்ளும் புறமும் அப்பியிருந்தான். அதையெல்லாம் சுரண்டி எடுத்த வெண்டல், சீட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கையகலத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தார். அதையும் சுரண்டிவிடு என்று டோரீன் அப்போதே சொன்னாள், அவர்தான் கேட்கவில்லை.

நல்லவேளையாகச் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். "வெயில்ல எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? வாங்க, காபி போட்டிருக்கேன். ஆப்பிள் கேக் சூடா இருக்கு."

"போங்க சார், போய்ச் சாப்பிடுங்க. அதுக்குள்ள நான் சீட்டைக் கழட்டி வைக்கிறேன்" என்றார் வெண்டல். கல்யாணமான நாளிலிருந்து டோரீனின் கேக்கை அவர் இவ்வளவு மனதார வாழ்த்தியதில்லை.

கதவு சாத்தியதுதான் தாமதம், வெண்டல் சீட்டைப் பிடுங்கிப் போட்டார். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு முட்டி வலியையும் மறந்து தேய் தேய் என்று தேய்த்தார். மஞ்சள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியையும் காற்றுக் குழாயால் ஊதித் தெருவுக்கே அனுப்பிவிட்டார்.

இப்போது அங்கே வெறும் இரும்பு மின்னியது. இனி எந்தக் கொம்பன் வந்து பார்த்தாலும் டீச்சரம்மா கதையை அசைக்க முடியாது. வெண்டல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ப்ளோரிடாவின் வெயிலை இப்போதே முதுகில் உணர்ந்தார்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. டோரீன் ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் ஹாஸ்கின்ஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"உன் டீச்சரம்மா கதையை மூட்டை கட்டி வை, வெண்டல்! செத்துப்போன இவரோட அண்ணன் பந்தயத்துல ஓட்டின செவெலைத்தான் இவர் ஊர் ஊராத் தேடிக்கிட்டிருக்காராம். சுவத்துக்கு அடிக்கிற மஞ்சளை வாங்கி அண்ணனும் தம்பியுமா அடிச்ச வண்டியாம். நீ கேட்டதைப் போல ரெண்டு மடங்கு தர்றாராம்!"

வெண்டலின் கையிலிருந்து உப்புத்தாள் நழுவியது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நான் முதல்லயே விஷயத்தைச் சொல்லிட்டா எல்லாரும் 'ஆமா, அதே வண்டிதான்'னுடறாங்க. போன மாசம்கூட ரெண்டு பேர் அப்படித்தான் ஏமாத்தப் பார்த்தாங்க" என்றார் ஹாஸ்கின்ஸ். "அந்தப் பெயிண்டைக் கண்ணால பார்த்தா இப்பவே செக் எழுதறேன். இல்லேன்னா, உங்க புருஷன் சொன்ன மாதிரி இது டீச்சரம்மா வண்டிதான். அது எனக்கு எதுக்கு?"

டோரீன் கணவனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"சீட்டைக் கழட்டிட்டேதானே? அந்த மஞ்சளை அவருக்குக் காட்டு, வெண்டல்!"