வெட்டிய வரிகள்

“முதல்ல இந்தப் பனிய வெட்டு” என்றார் காதர் பாட்சா. “காரைக்கால்ல எங்கடா பனி கொட்டுது?”

நூகு தலையைக் குனிந்துகொண்டான். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிக்கிறவன். கிடா காணாமல் போன இரவில் வெண்பனி கொட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியிருந்தது.

சென்னைப் பத்திரிகை ஒரு பக்கத்துக்கு மேல் வாங்காது. நூகு எழுதியதோ மூன்று பக்கம். துணி வெட்டுகிறவருக்குக் கதை வெட்டவும் வரும் என்று, அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் காதர் பாட்சாவின் தையல்கடைக்கு எடுத்து வந்திருந்தான். பிரெஞ்சுக்காரர் போனபின் வந்த புதுச் சர்க்காரின் போலீசுக்குத் தைத்துக்கொண்டிருந்த காக்கிக் கால்சட்டையை ஒதுக்கி, கத்தரிக்கோலை அதன்மேல் வைத்துவிட்டு, காதர் பாட்சா பென்சிலை எடுத்தார்.

கதை சொந்தக் கதைதான். தங்கை ஜொஹராவின் நிக்காஹ் விருந்துக்கென்று உம்மா இரண்டு வருஷம் வளர்த்த கிடா, முந்தாநாள் கொல்லையிலிருந்து போய்விட்டது. நிக்காஹ் வெள்ளிக்கிழமை. வேறு கிடா வாங்க வழியில்லை.

“‘கயிறு ஒரே வெட்டில் சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது.’ எதுக்கு இவ்வளவு? கயிறு கெடந்துச்சு, கிடாவக் காணோம். தீந்துச்சு.”

பென்சில் ஓடியது.

“கொல்லப் படல்ல காக்கி நூல் சிக்கியிருந்துச்சா? போலீச ஏன்டா வம்புக்கு இழுக்குற? எடு.”

“சரி நானா.”

“‘கிடா கத்தவே இல்லை. பழகின ஆளோடுதான் அது அப்படிப் போகும்.’ இந்தத் தெருவுல எல்லாரும் அதுக்குப் பழக்கந்தான். இதையும் எடு.”

“உம்மா அழுதது?”

“அது இருக்கட்டும். அதுதான் கதையே.”

அரைமணி நேரத்தில் கதை ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவும் இருந்தது. நூகு அதை நல்ல எழுத்தில் எழுதி உறையில் போட்டான். பிறகு, பழைய தாள்களில் பென்சில் அடித்த வரிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தான். படித்து முடித்துவிட்டு, மேசையில் காக்கித் துணிமேல் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்தான்.

“அத ஏன்டா இன்னும் படிச்சிக்கிட்டிருக்க? அடுப்புல போடு.”

“பனியத் தவிர மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

நூகு தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“கிடா உசுரோட இருக்கா, நானா?”