சூடான கிரகம் எது?

கடைசியாக அவரை உயிரோடு பார்த்தபோது, அவர் என் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சூரியனுக்குப் பக்கத்துல இருக்கறது புதன். அப்போ புதன்தானே அம்மா ரொம்பச் சூடான கிரகம்? அடுப்புக்குப் பக்கத்துல நிக்கறவனுக்குத்தானே சுடும்?"

"வெள்ளி சார், வெள்ளி! போர்வை மாதிரி காத்து அதை மூடியிருக்கு. சூடு வெளியே போகாது."

"போர்வையா? யார் போர்த்திவிட்டது, நீங்களா?"

டயாலிசிஸ் அறையில் நாலு படுக்கை. என் மனைவி இரண்டாவது, அவர் மூன்றாவது. ஒன்றுவிட்டு ஒரு நாள், இருவர் ரத்தமும் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் இதே கூத்துதான்.

அவருக்கு எல்லாமே தப்பாகத்தான் தெரியும். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பார். பிரமிடைக் கட்டியது கிளியோபாட்ரா என்பார். ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கிறது என்று அவர் சாதித்த அன்று, "அது தண்ணி இல்ல சார், கொழுப்பு. உங்களுக்கு இருக்கே, அந்த மாதிரி" என்றாள் இவள். சிஸ்டரே சிரித்துவிட்டார்.

முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். அவருக்கு 'அரைகுறை' என்று பேர் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னை நூலகத்துக்கு விரட்டுவாள்.

"அந்த அரைகுறை வாயை மூடற மாதிரி ஆதாரம் வேணும்ங்க."

அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவேன்.

எனக்கு அவர்மேல் கோபம். "போதும்ங்க, என்னை விட்டுடுங்க, இனிமே வரமாட்டேன்" என்று ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் அழுதவள் இவள். நிறுத்தினால் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவளிடமா வம்பு வளர்ப்பது?

ஒருநாள் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஐயா, அவளே எப்ப நிறுத்தலாம்னு இருக்கா. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

"அதெப்படி சார்? நான் சொல்றதுதானே சரி!"

மனுஷனா இவர் என்று தோன்றியது.

அந்தக் கடைசி நாளில் கிளம்பும்போதும் அவர் விடவில்லை. "புத்தகத்தோட வாங்கம்மா, பார்ப்போம்!"

"வரேன் சார். வராம எங்கே போயிடுவேன்!"

அடுத்த தடவை போனபோது மூன்றாம் படுக்கையில் புது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"நேத்து வீட்டுலயே போயிட்டாராம்" என்றார் சிஸ்டர்.

வெள்ளி கிரகம் வந்த பக்கத்தில் விரலை வைத்தபடி நின்றாள் இவள். நாலு மணி நேரமும் அந்த விரலை எடுக்கவில்லை. ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டதும் சொன்னாள்.

"இதோட போதும்ங்க. இனிமே என்னைக் கூட்டிட்டு வராதீங்க."

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

ஆட்டோ பிடிக்கப் போன என்னைச் சிஸ்டர் நடையில் நிறுத்தி ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"அவரோட பொண்ணு கொடுத்துட்டுப் போனாங்க. தனக்கு ஏதாவது ஆனா உங்ககிட்ட சேர்க்கணும்னு முன்னமே சொல்லி வச்சிருந்தாராம். அம்மா கண்ணுல பட வேண்டாமாம்."

பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு தப்பான தகவல். கீழே சிவப்பு மையில் சரியான விடை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது உட்பட. சொல்லி முடித்தவற்றுக்கு ஓரத்தில் டிக். 'புதன்தான் மிகச் சூடான கிரகம்' என்பதற்குக் கடைசி டிக்.

"பள்ளிக்கூடப் புத்தகத்துக்கெல்லாம் பிழை திருத்தினவர் சார் அவர். ஆரம்பத்துல ஒருநாள் அம்மா தேம்பித் தேம்பி அழுதுட்டிருந்தாங்க. நான் தேதியைத் தப்பாச் சொல்லிட்டேன். அழுகையை நிறுத்திட்டு, 'சிஸ்டர், இன்னிக்குப் பதினாலு'ன்னாங்க. இவர் அதைப் பார்த்துட்டு என்கிட்ட மெதுவாச் சொன்னார், 'திருத்தறதுக்குத் தப்பு இருக்கிற வரைக்கும் இந்தம்மா வருவாங்க'ன்னு."

மறு தடவைக்கான நாள் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. முதல் நாள் முழுக்கச் சமையலறையில் நின்று மனப்பாடம் செய்திருந்தேன்.

"சரி, வர வேண்டாம். ஆனா ஐரோப்பாவுல நூறு வருஷப் போர்னு ஒண்ணு நடந்துச்சே, அது சரியா நூறு வருஷத்துல முடிஞ்சிருக்கு. என்ன ஒழுங்கு பாரு!"

முதுகு அசைந்தது.

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? பேரே நூறு வருஷப் போர்தானே?"

"நூத்திப் பதினாறு!" எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "உங்களுக்கும் அந்த அரைகுறை காத்து அடிச்சிருச்சா?"

"சிஸ்டர் படிச்சவங்க. அவங்ககிட்டயே கேட்போமே."

"நடங்க" என்று செருப்பைத் தேடினாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். நோட்டில் டிக் போடாத பக்கங்கள் இன்னும் ஒன்பது இருக்கின்றன.